கமலாதேவியைப் புடவைக் கடைக்குள் அடைத்துவிட்டோம்

டெல்லியில் கைத்தறி உடுத்துகிறவர்கள் மத்தியில் கமலாதேவி சட்டோபாத்யாய் என்ற பெயருக்குத் தனி மரியாதை உண்டு. பணி ஓய்வுக்குப் பிறகு நான் மகளோடு வசிக்கும் சாணக்யபுரியில் அது இன்னும் ஒரு படி கூடுதல். தூதரக விருந்துக்குக் கலம்காரி துப்பட்டாவோ காஞ்சிப் பட்டோ அணிந்து கிளம்புகிறவர்கள், “அந்த அம்மா இல்லையென்றால் இதெல்லாம் எப்போதோ அழிந்திருக்கும்” என்பார்கள். தப்பில்லை. 2018 ஏப்ரல் 3 அன்று, அவருடைய 115ஆவது பிறந்தநாளுக்கு, கூகுள் நிறுவனம் தன் முகப்பில் ஒரு படம் போட்டது. நடனம், இசைக்கருவிகள், எம்பிராய்டரி, கூடை முடைதல் என்று எல்லாம் இருந்தன. கூட்டுறவு சங்கம் மட்டும் இல்லை.

படம் வரைந்தவரைக் குறை சொல்ல மாட்டேன். சங்கத்தைப் படமாக வரைவது கஷ்டம். பங்குத்தொகை, பேரேடு, பேரவைக் கூட்டத் தீர்மானம் இவற்றில் என்ன அழகு இருக்கிறது? ஆனால் மத்திய அரசில் தணிக்கை வேலை பார்த்தே தலை நரைத்தவள் நான். கமலாதேவி செய்த காரியங்களில் மிகப் பெரியது அந்தப் பேரேட்டுப் பக்கம்தான் என்பது என் கட்சி. அதை மறந்துவிட்டு அவரைப் புடவை, பொம்மை விவகாரமாகச் சுருக்கியதால், நம் ஊர்ச் சங்கங்கள் இன்றைக்கு எந்த நிலையில் கிடக்கின்றன என்று கேட்கவே தோன்றாமல் போய்விட்டது.

அவர் நமக்கு அந்நியரும் இல்லை. 1903இல் மங்களூரில் பிறந்தார். அது அன்றைய சென்னை மாகாணம். சிறு வயதிலேயே திருமணம், இரண்டே ஆண்டுகளில் விதவை. தலையை மழித்து மூலையில் உட்கார வைக்கும் காலத்தில், சென்னை ராணி மேரி கல்லூரிக்குப் படிக்க வந்தார். சரோஜினி நாயுடுவின் தம்பி ஹரீந்திரநாத்தை மறுமணம் செய்துகொண்டார். 1926இல் சென்னை மாகாண சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டுச் சொற்ப ஓட்டுகளில் தோற்றார். இந்தியாவில் சட்டமன்றத் தேர்தலில் நின்ற முதல் பெண் அவர்தான். மறு ஆண்டு அதே மன்றத்துக்கு நியமன உறுப்பினராகப் போனவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1930 உப்பு சத்தியாகிரகத்தில் பெண்களையும் சேர்த்தாக வேண்டும் என்று காந்தியிடம் வாதாடிய கமலாதேவி, பம்பாய்ப் பங்குச்சந்தைக்குள்ளேயே போய் உப்புப் பொட்டலம் விற்றுச் சிறை சென்றார்.

இத்தனை செய்தவர், சுதந்திரம் வந்தபின் ஆட்சிப் பதவி தேடி அலையவில்லை. 1948இல் இந்தியக் கூட்டுறவு ஒன்றியத்தைத் தொடங்கினார்.

அப்போதைய டெல்லியை நினைத்துப் பார்க்க வேண்டும். பிரிவினையில் வீடிழந்தவர்கள் கிங்ஸ்வே முகாமிலும் சாலையோரங்களிலும் கிடந்தார்கள். ரேஷன், கம்பளி, கூடாரம் என்று அரசு கொடுத்துக்கொண்டே இருந்தது. வாங்கிக்கொண்டே இருப்பவர்கள் எப்போது எழுந்து நிற்பார்கள் என்பதே கமலாதேவியின் கவலை. முகாமில் வேலை பார்த்துக்கொண்டிருந்த லட்சுமி சந்த் ஜெயின் என்ற இளைஞர் அவரோடு சேர்ந்தார். மெஹ்ரௌலிக்குப் பக்கத்தில் சத்தர்பூரில் அகதி விவசாயிகளைக் கொண்டு கூட்டுப் பண்ணை முயற்சி நடந்தது. இன்றைக்குச் சத்தர்பூர் என்றால் கோடீஸ்வரர்களின் பண்ணை வீடுகளும் கல்யாண மண்டபங்களும்தான் டெல்லிக்காரர் நினைவுக்கு வரும்.

பெரிய சோதனை ஃபரிதாபாத்தில் நடந்தது. பன்னு, தேரா இஸ்மாயில் கான், கோஹாட், பெஷாவர் என்று வடமேற்கு எல்லை மாகாணத்திலிருந்து வந்த ஐம்பதாயிரம் பேர் அளவுக்கு ஒரு நகரம் தேவைப்பட்டது. கூட்டுறவு முறையில் ஒரு நகரம் என்ற யோசனைக்கு நேரு தயக்கத்தோடுதான் சம்மதித்தார் என்றும், அரசிடம் பணம் கேட்டு வரக்கூடாது என்று நிபந்தனை போட்டார் என்றும் சொல்வார்கள். பிறகு 1949இல் ராஜேந்திர பிரசாத் தலைமையில் வளர்ச்சி வாரியம் அமைந்தது. அரசுப் பணமும் வந்தது. நேருவே வாரியக் கூட்டங்களில் வந்து உட்கார்ந்தார். சுதிர் கோஷ் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டார்.

கான்ட்ராக்டரை வைத்து வீடு கட்டி அகதிகளிடம் சாவியைக் கொடுப்பது பொதுப்பணித் துறைக்குத் தெரிந்த வழி. ஃபரிதாபாத்தில் அந்த வழியை விட்டார்கள். குடியேறப் போகிறவர்களே தொழிலாளர் கூட்டுறவு சங்கங்களாகச் சேர்ந்து கட்டட வேலையை எடுத்தார்கள். கான்ட்ராக்டருக்குப் போயிருக்க வேண்டிய லாபம் கட்டியவர்கள் கைக்கு வந்தது. செங்கல்லையே தொட்டறியாத கடைக்காரர்களும் நிலக்கிழார்களும் கொத்து வேலை கற்றார்கள். போர் இழப்பீடாக ஜெர்மனியிலிருந்து வந்து கல்கத்தாவில் கேட்பாரற்றுக் கிடந்த டீசல் மின்நிலையத்தைக் கொண்டுவந்து, அந்த நாட்டுப் பொறியாளர் ஒருவரின் மேற்பார்வையில் இவர்களே பூட்டி ஓடவைத்தார்கள். பள்ளிகளில் காந்தியின் ஆதாரக் கல்வி. தங்கள் தலைவர் எல்லை காந்தியின் பெயரில் பாட்ஷா கான் மருத்துவமனையைக் கட்டினார்கள். 1951இல் நேரு திறந்து வைத்தார். 2020இல் ஹரியானா அரசு அதற்கு வாஜ்பாயி பெயரைச் சூட்டியது. முதியவர்கள் வருத்தப்பட்டதில் அரசியலை மட்டும் பார்ப்பது சரியல்ல. அது அவர்கள் மண் சுமந்த கட்டடம்.

கிட்டத்தட்ட அதே ஆண்டுகளில்தான் இந்தச் சாணக்யபுரியும் எழுந்தது. ஒவ்வொரு நாட்டுத் தூதரகத்துக்கும் ஏக்கர் கணக்கில் நிலம், அகலமான சாந்தி பத், உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர்கள். 1959இல் திறந்த அமெரிக்கத் தூதரகத்தைப் பார்க்க இன்றும் கட்டடக்கலை மாணவர்கள் வருகிறார்கள். முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் ஃபரிதாபாத் என்.ஐ.டி.யைப் பார்க்க யாரும் போவதில்லை. என்.ஐ.டி. என்றால் பொறியியல் கல்லூரி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நியூ இண்டஸ்ட்ரியல் டவுன்ஷிப். ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர், ஐந்தாம் நம்பர் என்றுதான் ஆட்டோக்காரர்கள் கூவுவார்கள். அகதிகள் தாங்களே கட்டிய நகரம் அது.

அந்தக் கூட்டுறவு நகரம் ஏன் நீடிக்கவில்லை? அகதிகள் சோம்பிப் போனதால் அல்ல. சில ஆண்டுகளில் வாரியத்தின் கையிலிருந்து பொறுப்பு அமைச்சகத்துக்கு மாறியது. கோப்புகளை மட்டுமே அறிந்த அதிகாரிகளுக்கு, ஆளுக்கொரு யோசனை சொல்லும் சங்கங்கள் தொந்தரவாகத் தெரிந்தன. ஒவ்வொன்றாகக் கலைந்தன. ஜெயின் பின்னாளில் இந்தக் கதையைத் தனிப் புத்தகமாகவே எழுதினார். ஆறாத ஆதங்கத்தோடு எழுதினார்.

ஜன்பத்தில் இருக்கும் காட்டேஜ் எம்போரியத்தின் கதையும் இதே பாதையில்தான் போனது. அரசு நடத்தி நஷ்டத்தில் தள்ளாடிய கடை அது. 1952இல் கமலாதேவியின் கூட்டுறவு ஒன்றியத்திடம் வந்தது. ரசனையும் வியாபார புத்தியும் உள்ள பெண்கள் பலர் பொறுப்பேற்றார்கள். மாகாணம் மாகாணமாகப் போய்ச் சரக்கு எடுத்தார்கள். எது விற்கிறது, எது தேங்குகிறது என்ற விவரம் நெய்தவருக்குத் திரும்பிப் போனது. டெல்லிக்கு வரும் வெளிநாட்டு விருந்தாளி தவறாமல் போகும் இடமாகக் கடை மாறியது. 1964இல் அது ஒன்றியத்திடமிருந்து வேறோர் அமைப்பின் கைக்குப் போனது. 1976இல் அரசு நிறுவனம் ஆகிவிட்டது. இன்றும் கடை இருக்கிறது, நல்ல சரக்கும் இருக்கிறது. கைவினைஞரின் நிலை அங்கே சப்ளையர் என்பதுதான்.

கமலாதேவி அரசே வேண்டாம் என்றவர் இல்லை. 1952இல் அமைந்த அகில இந்தியக் கைவினை வாரியத்துக்கு நெடுங்காலம் அவரே தலைவர். வடிவமைப்பு மையம், பயிற்சி, கண்காட்சி, ஏற்றுமதி வாய்ப்பு இவற்றை அரசு செய்யட்டும். தறியும் பட்டறையும் கல்லாப்பெட்டியும் உழைப்பவரின் சங்கத்திடம் இருக்கட்டும் என்பது அவர் போட்ட எல்லைக்கோடு. 1966இல் ராமன் மகசேசே விருது கொடுத்தவர்கள் கைவினையோடு கூட்டுறவையும் குறிப்பிட்டே கொடுத்தார்கள். மணிலாவில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது நமக்கு மறந்துபோனது. அவர் தலைமை வகித்த அந்தக் கைவினை வாரியத்தை மத்திய அரசு 2020 ஆகஸ்டில் ஓர் அறிவிக்கையில் கலைத்தது. கைத்தறி வாரியம் அதற்குச் சில நாள் முன்புதான் கலைக்கப்பட்டிருந்தது. தறிக்காரன் குரல் டெல்லிக்கு எட்ட இருந்த ஒன்றிரண்டு வாசல்களும் அடைபட்டன.

இந்த எல்லைக்கோடு அழிந்தது எப்படி என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. ரிசர்வ் வங்கி அமைத்த கோர்வாலா குழு 1954இல் அறிக்கை தந்தது. வட்டிக்கடைக்காரர்களோடு போட்டி போடும் வலு கிராமச் சங்கங்களுக்கு இல்லை. எனவே அரசே பங்கு மூலதனம் போட்டுக் கூட்டாளியாக வேண்டும் என்றது. நோக்கம் நல்லதுதான். ஆனால் பணம் போட்டவன் சும்மா இருப்பானா? பணத்தோடு இயக்குநர் வந்தார், செயலாட்சியர் வந்தார், பின்னாலேயே கட்சியும் வந்தது.

இதை நான் அறிக்கையில் படிப்பதற்கு முன்பே வீட்டில் பார்த்துவிட்டேன். என் அப்பா பரமக்குடியில் ஒரு நெசவாளர் கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதினார். வெள்ளிக்கிழமை கூலிப் பட்டுவாடா. சங்கம் வருவதற்கு முன்னால் மாஸ்டர் வீவர் கொடுப்பதுதான் கூலி, அவர் வைத்ததுதான் பாவு. முன்பணம் வாங்கியவர் அவர் வாசலைவிட்டு நகர முடியாது. சங்கம் வந்தபின் நூல் கணக்குக்கும் கூலி விகிதத்துக்கும் பேரவையில் சண்டை போட முடிந்தது. சண்டை என்றால் நிஜமான சண்டை. துண்டை உதறிவிட்டு வெளியே போகிறவரை நாலு பேர் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வருவார்கள். “கத்தட்டும், அவன் சங்கம், அவன் கத்தாம யார் கத்துவா” என்பார் அப்பா.

பிறகு தேர்தல் இல்லாத வருஷங்கள் வந்தன. மதுரைப் பக்கத்திலிருந்து ஓர் அதிகாரி வாரத்தில் ஒருநாள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அரசு தர வேண்டிய ரிபேட் பாக்கி ஏறிக்கொண்டே போகும். கூலி தள்ளிப் போகும். கேள்வி கேட்க ஆள் இருந்தது, பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. நல்ல நெசவாளர்கள் ஒவ்வொருவராக மாஸ்டர் வீவரிடமே திரும்பினார்கள். சங்கத்தில் கத்தல் நின்றுபோனது. அப்பாவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

அந்தச் சங்கத்தில் இன்னொரு குறையும் உண்டு. என் அம்மாவும் தெருவில் எல்லாப் பெண்களும் விடிந்ததிலிருந்து தார் சுற்றினார்கள். பாவு புணைப்பதிலும் அவர்கள் கை இருந்தது. சங்க உறுப்பினர் பட்டியலில் பெயர் என்னவோ ஆண்களுக்கு. பெண்ணின் வேலைக்குக் கணக்கு வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் பேசிய கமலாதேவி அந்தப் பட்டியலைப் பார்த்திருந்தால் சும்மா இருந்திருக்க மாட்டார். ஜெயா அருணாசலம் 1978இல் சென்னையில் உழைக்கும் பெண்கள் அமைப்பைத் தொடங்கி, மீன்காரிக்கும் பூக்காரிக்கும் கடன் தரும் பெண்கள் கூட்டுறவைக் கட்டியது இந்தக் குறையைக் கண்டுதான்.

இப்போது தமிழ்நாட்டுக்கு வருவோம். கூட்டுறவுக்கு நாம் புதியவர்கள் அல்ல. ஜெர்மானியக் கடன் சங்கங்களை ஆராய்ந்து ஃபிரெடெரிக் நிக்கல்சன் அறிக்கை எழுதியது சென்னை மாகாண அரசுக்காக. 1904இல் சட்டம் வந்த ஆண்டிலேயே திருவள்ளூர் அருகே திரூரில் கடன் சங்கம் பிறந்தது. திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவு சங்கமும் அதே ஆண்டுதான். இன்று கூட்டுறவு என்றால் நம் மக்களுக்கு மூன்றுதான்: ரேஷன் கடை, நகைக் கடன், தேர்தல் நேரத் தள்ளுபடி. 2021இல் தேர்தலுக்குச் சற்று முன் 12,110 கோடி ரூபாய் பயிர்க் கடன் தள்ளுபடி ஆனது. ஆட்சி மாறியபின் ஐந்து பவுன் வரை நகைக் கடன் தள்ளுபடி. கடன் தள்ளுபடி சில வேளைகளில் நியாயமே. மழை பொய்த்தவனிடம் வசூல் பேச முடியாது. ஆனால் சங்கம் கொடுத்த கடனைச் சங்க உறுப்பினரைக் கேட்காமல் கோட்டையில் தள்ளுபடி செய்யும்போது, அந்தச் சங்கம் யாருடையது என்பது எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது.

தேர்தலையும் பாருங்கள். 2013இலும் 2018இலும் நடந்தது. எந்தக் கட்சி ஆட்சியோ அந்தக் கட்சிக்காரர்கள் போட்டியின்றி வந்தார்கள் என்று எதிர்க்கட்சி புகார் சொன்னது. 2021இல் ஆட்சி மாறியதும், அந்த நிர்வாகக் குழுக்களின் ஐந்தாண்டுக் காலத்தை மூன்றாகக் குறைக்க 2022 ஜனவரியில் மசோதா நிறைவேறியது. அது ஆளுநர் மாளிகையில் தேங்கியது. 2023இல் குழுக்களின் காலம் முடிந்ததும் சங்கங்கள் தனி அலுவலர்களின் கைக்குப் போயின. இரண்டு கழகங்களும் ஒன்றையொன்று குறை சொல்லிக்கொள்ளட்டும். உறுப்பினர் இல்லாமலே கூட்டுறவு நடத்தலாம் என்பதில் இரண்டுக்கும் கருத்து வேறுபாடு இருந்ததாகத் தெரியவில்லை.

“அம்மா, உங்களுக்கு நாட்டு நடப்பு தெரியாது. தேர்தல் வைத்தால் கட்சிக்காரன் சங்கத்தையே விழுங்கிவிடுவான். அதிகாரி இருந்தால் தணிக்கையாவது நடக்கும்” என்று என் பழைய சகாக்களே சொல்வார்கள். விழுங்கியவர்களை நானும் பார்த்திருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் அதிகாரி காவல் ஆகிவிட மாட்டார் என்பதற்கு டெல்லியே சாட்சி. இங்கே செயலிழந்த வீட்டுவசதிக் கூட்டுறவு சங்கங்களைப் போலி உறுப்பினர்களைச் சேர்த்து உயிர்ப்பித்து, அவற்றின் பேரில் மலிவு விலை நிலம் வாங்கிய மோசடியை 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. அதில் பதிவாளர் அலுவலக அதிகாரிகளே குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். உறுப்பினர் கண் இல்லாத சங்கத்தில் அதிகாரியும் திருடலாம், கட்சிக்காரரும் திருடலாம். தணிக்கையாளர் வருவது வருஷம் ஒருமுறை. உறுப்பினர் தினமும் வருகிறார். அவரைவிடச் சிறந்த தணிக்கையாளர் இல்லை; என் தொழிலை விட்டுக்கொடுத்தே சொல்கிறேன்.

உறுப்பினர்களால் நடத்த முடியாது என்பதற்கும் டெல்லியில் பதில் இருக்கிறது. காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூடி ஆட்களை வீட்டுக்கு அனுப்பியபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் ஊக்கத்தால் அந்த ஊழியர்களே கூட்டுறவு சங்கம் அமைத்து 1957 முதல் நடத்தினார்கள். நெருக்கடி நிலையின்போது டெல்லி காபி ஹவுஸை இடித்தார்கள். அது கனாட் பிளேஸ் பக்கம் இருக்கும் மோகன் சிங் பிளேஸ் மாடிக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டது. அதே கனாட் பிளேஸில் அரசின் பிடியில் 1966 முதல் நடந்த சூப்பர் பஜார் கூட்டுறவு அங்காடியை 2002இல் கலைக்க உத்தரவு வந்தது.

அரசியல் சட்டமும் உறுப்பினர்களின் பக்கம்தான் நிற்கிறது. 97ஆவது திருத்தம் கூட்டுறவு சங்கம் அமைப்பதை அடிப்படை உரிமை ஆக்கியது. 2021இல் அதன் ஒரு பெரும் பகுதியை மாநில சங்கங்களைப் பொறுத்தவரை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது; மாநில அதிகாரத்தைக் காக்கும் தீர்ப்பு என்று நாம் மகிழ்ந்தோம். சங்கங்களின் தன்னாட்சியையும் ஜனநாயகக் கட்டுப்பாட்டையும் அரசு வளர்க்க வேண்டும் என்னும் 43பி பிரிவு அப்படியே நிற்கிறது. 2021இல் டெல்லி ஒரு கூட்டுறவு அமைச்சகத்தை உண்டாக்கியபோது மாநில உரிமை பறிபோகிறது என்று சென்னை கவலைப்பட்டது. அந்தக் கவலையில் நியாயம் உண்டு. டெல்லி எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்ல வேண்டுமானால், சென்னை முதலில் சங்கத்திடம் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.

2025ஐ உலகக் கூட்டுறவு ஆண்டு என்று ஐ.நா. அறிவித்தது, மேடைகளுக்கும் பேனர்களுக்கும் குறைவில்லை. எனக்கு வேண்டியது மூன்று காரியங்கள். கூட்டுறவு சங்கங்களுக்கென்றே தமிழ்நாட்டில் தேர்தல் ஆணையம் இருக்கிறது. அது காலம் தவறாமல், ஆட்சியைப் பார்க்காமல் தேர்தல் நடத்தட்டும். நெசவாளர் சங்கங்களில் தார் சுற்றும், பாவு புணைக்கும் பெண்ணுக்குக் கணவன் பெயரின் நிழலில் அல்லாமல் தன் பெயரிலேயே ஓட்டுள்ள உறுப்பினர் உரிமை கிடைக்கட்டும். தள்ளுபடியோ மானியமோ அறிவித்தால், அந்தத் தொகை சங்கத்துக்கு வந்து சேரும் தேதியையும் சேர்த்து அறிவிக்கட்டும்.

நம் கூட்டுறவுத் துறை அமைச்சர்களும் அதிகாரிகளும் டெல்லி வந்தால் சாணக்யபுரியில் தமிழ்நாடு இல்லத்தில் தங்குகிறார்கள். காட்டேஜ் எம்போரியத்தில் கமலாதேவி பேரைச் சொல்லிப் பரிசுப்பொருள் வாங்கினால் போதாது. ஒருநாள் காலை ஃபரிதாபாத் போய், அகதிகள் கட்டிய வீடுகளின் சுவரைத் தொட்டுப் பார்க்கட்டும்.

படிக்கிற உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் ஊர்ச் சங்கத்தில் பயிர்க் கடன் வாங்கியிருந்தால் நீங்கள் பெரும்பாலும் ‘அ’ வகுப்பு உறுப்பினர். நகைக் கடனுக்கு மட்டும் போயிருந்தால் இணை உறுப்பினராக இருப்பீர்கள், ஓட்டு இருக்காது. எது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு, கடைசியாகப் பேரவை எப்போது கூடியது, தணிக்கை அறிக்கை எங்கே, தேர்தல் எப்போது என்று எழுத்தில் கேளுங்கள். அது உங்கள் பங்குத்தொகையில் ஓடும் சங்கம். நீங்கள் கத்தாவிட்டால் வேறு யார் கத்துவார்கள்?